தலைமையாசிரியரின் காலை நேரம்

பினாங்கு மாநிலத் தமிழ்ப்பள்ளிகளின் மேலாளர் வாரியப் பொறுப்பாளர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலவையினருக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

என்னை உங்களில் சிலருக்குத் தெரியும். செபராங் பிறையில் மூன்று பள்ளிகளில் 31 வருடம் வேலை பார்த்து, துணைத் தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவள். இன்று வாரியங்களில் செயலாளராகவும் பொருளாளராகவும் இருக்கிற இரண்டு மூன்று பேர் என்னிடம் வாய்ப்பாடு ஒப்பித்தவர்கள். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் போனால் பந்தலிலிருந்து "டீச்சர்!" என்று கூப்பிட்டு ஒரு கப் ரோஸ் சிரப்பைக் கையில் திணிப்பார்கள். அந்த உரிமையில் எழுதுகிறேன். எங்காவது சூடாக இருந்தால், டீச்சர் திட்டுகிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சொல்ல வந்தது ஒன்றுதான். ஒரு தலைமையாசிரியர் காலை ஏழரையிலிருந்து ஓய்வுநேர மணி அடிக்கும்வரை எங்கே இருக்கிறார் என்று பாருங்கள். அந்தப் பள்ளியில் படிப்பு எப்படி இருக்கும் என்பதை அதை வைத்தே சொல்லிவிடலாம். அந்த நேரத்தை அவரிடமிருந்து பிடுங்குகிறவர்களில் நாமும் இருக்கிறோம். கல்வி இலாகாவைக் குறை சொல்லிப் பழகிய நமக்கு இது கொஞ்சம் கசக்கும்.

என் பணிக்காலத்தில் ஏழு தலைமையாசிரியர்களின் கீழ் வேலை செய்தேன். அதில் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம், அவருக்கும் பிடிக்காது.

அவர் வந்த முதல் வாரத்தில் கேன்டீனிலிருந்து ஒரு நீல நிற பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்துத் தன் அறை வாசலில் போட்டுக்கொண்டார். வருகிறவர்கள் உட்காருவதற்கு என்று நினைத்தோம். சபைக்கூடல் முடிந்ததும் அந்த ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு ஏதாவதொரு வகுப்புக்குப் போவார். ஆசிரியருக்குத் தொந்தரவு கொடுக்க மாட்டார். பின்னால் ஒரு பிள்ளையின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு, "ஐயாவுக்கு இந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டு பார்ப்போம்" என்பார்.

ஒருநாள் இரண்டாம் ஆண்டு வகுப்பில் நானும் கூட இருந்தேன். ஒரு பையன் கடகடவென்று வாசித்தான். எனக்குச் சந்தோஷம். அவர் எதுவும் சொல்லாமல் உள்ளங்கையால் பக்கத்தில் இருந்த படத்தை மறைத்தார். பையன் நின்றுவிட்டான். "கொ" என்ற எழுத்தில் விரலை வைத்துக்கொண்டு "கெ… கா…" என்று பிரித்து முனகினான். அதுவரை வாசித்தது முழுக்கப் படத்தைப் பார்த்து, காதில் விழுந்ததை நினைவில் வைத்து ஒப்பித்தது. அந்த வகுப்பு ஆசிரியை நல்லவர், உழைப்பாளி. முப்பத்திரண்டு பிள்ளைகள் சேர்ந்து வாசிக்கும்போது ஒரு குரல் மற்ற குரல்களுக்குள் ஒளிந்துகொள்வதை அவர் கவனிக்கவில்லை. துணைத் தலைமையாசிரியையான நானும்தான் கவனிக்கவில்லை.

அவர் சட்டைப் பையில் ஒரு 555 புத்தகம் இருக்கும். கடன் எழுதக் கடைக்காரர்கள் வைத்திருப்பார்களே, அதே குட்டிப் புத்தகம். படத்தை மறைத்தால் நின்றுவிடுகிற பிள்ளைகளின் பெயரை அதில் எழுதினார். "ஏன் ஐயா இதில் எழுதுகிறீர்கள், ஃபைல் போடலாமே?" என்று கேட்டேன். "ஃபைல் போட்டால் அலமாரிக்குப் போய்விடும் டீச்சர். இது நாம் அடைக்க வேண்டிய கடன், பையிலேயே இருக்கட்டும்" என்றார்.

மார்ச் மாதம் இரண்டு பக்கம் நிறைந்திருந்த பெயர்கள் அக்டோபரில் அரைப் பக்கத்துக்கு வந்தன. எப்படி என்று கேட்பீர்கள். மந்திரம் ஒன்றும் இல்லை. ஓய்வுநேரத்துக்கு முந்தைய பாடவேளையில் அந்தப் பிள்ளைகளை மூன்று பேர் மூன்று பேராகப் பிரித்து, அவரும் நானும், படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்கான குறைநீக்கல் ஆசிரியரும் ஆளுக்கொரு கூட்டமாக உட்கார்ந்தோம். தினமும் இருபது நிமிடம். அவ்வளவுதான். ஆனால் தினமும். மாவட்ட இலாகாவிலிருந்து யார் வந்தாலும் அந்த இருபது நிமிடம் முடியும்வரை அலுவலகத்தில் காத்திருக்கத்தான் வேண்டும். ஒரு முறை வாரியத் தலைவரே அப்படிக் காத்திருந்தார். அவர் முகம் போன போக்கு எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அடுத்த வருடம் செய்ததுதான் பெரிய காரியம். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதும் அரசாங்கத் தேர்வான யூ.பி.எஸ்.ஆர். இருந்த காலம் அது. 2016 முதல் நம் பள்ளிகளுக்கு எட்டுத் தாளிலும் ஏ, அதாவது 8ஏ என்பதுதான் பேச்சு. பள்ளியில் இருக்கிற ஆகச் சிறந்த ஆசிரியரை ஆறாம் ஆண்டில் போடுவதும், புதிதாக வந்தவரையோ பிரசவ விடுப்பில் போகப்போகிறவரையோ முதலாம் ஆண்டில் போடுவதும் எழுதாத சட்டம். இவர் அதைத் தலைகீழாக்கினார். மொழியில் கெட்டிக்காரரான ஆசிரியையை ஆறிலிருந்து எடுத்து ஒன்றில் போட்டார். வாரியக் கூட்டத்தில் ஒரே ரகளை. "8ஏ குறைந்தால் யார் பதில் சொல்வது?" என்று மேசையைத் தட்டினார்கள். "நான் சொல்கிறேன்" என்றார். அந்த வருடம் 8ஏ குறையத்தான் செய்தது, மறைக்கவில்லை. ஆனால் அந்த முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் மூன்றாம் ஆண்டுக்கு வந்தபோது குறைநீக்கல் வகுப்பில் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. கால அட்டவணையில் யாரை எங்கே போடுவது என்ற அந்த ஒரு முடிவைத் தலைமையாசிரியரைத் தவிர வேறு யாராலும் எடுக்க முடியாது. வாரியமோ சங்கமோ எத்தனை ஆயிரம் வெள்ளி திரட்டிக் கொடுத்தாலும் அதற்கு ஈடாகாது.

அவருக்கு 60 வயதானது, ஓய்வு பெற்றார். பணி ஒப்படைப்பு ஆவணத்தை நான்தான் உட்கார்ந்து சரிபார்த்தேன். மேசை எத்தனை, நாற்காலி எத்தனை, எல்சிடி எத்தனை, வங்கியில் மீதி எவ்வளவு, எந்தச் சாவி யாரிடம் என்று எல்லாமே இருந்தது. எந்தப் பிள்ளைக்கு வாசிக்க வரவில்லை என்பதற்கு அந்தப் படிவத்தில் ஒரு கட்டம்கூடக் கிடையாது. 555 புத்தகத்தை அவர் அடுத்தவரிடம் கையில் கொடுத்தார். வந்தவர் மரியாதையாக வாங்கி மேசை இழுப்பறையில் வைத்தார். கெட்டவர் இல்லை. பதினெட்டு மாதத்தில் அவருக்கும் ஓய்வு. அதற்குப் பிறகு வந்தவரும் அப்படியே. நான்கு வருடத்தில் மூன்று தலைமையாசிரியர்கள். ஸ்டூல் திரும்பக் கேன்டீனுக்குப் போய்விட்டது.

சரி, இப்போது உங்கள் பக்கம் வருகிறேன்.

வாரியங்கள் ஏன் இருக்கின்றன என்பது எனக்குத் தெரியும். நம் பள்ளிகளில் பல தோட்டத்தின் நிலத்திலோ கோயிலின் நிலத்திலோ சங்கத்தின் நிலத்திலோ எழுந்தவை. பகுதி உதவி பெறும் பள்ளி என்றால் ஆசிரியர் சம்பளத்தை அரசாங்கம் கொடுக்கும். கட்டடத்தையும் நிலத்தையும் கட்டிக் காக்க ஆள் வேண்டும். அதை உங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் செய்தார்கள். தோட்டம் விற்கப்பட்டபோது புல்டோசருக்கு முன்னால் நின்று பேசியவர்கள், மாற்று நிலத்துக்காக அமைச்சுக்கும் மாநில அரசுக்கும் நடையாய் நடந்தவர்கள், வீடு வீடாக டின்னைக் குலுக்கியவர்கள். பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் 1816-ல் தொடங்கிய தமிழ் வகுப்பைக் கணக்கில் வைத்துத்தான் 2016-ல் இந்த நாட்டுத் தமிழ்க்கல்விக்கு இருநூறு வயது என்று கொண்டாடினோம். அத்தனை காலம் தாக்குப்பிடித்ததில் இந்த மாநிலத்து 28 பள்ளிகளின் வாரியங்களுக்குப் பங்கு உண்டு. யாரும் மறுக்க முடியாது.

ஆனால் கட்டடத்தைக் காத்தவர்கள் கட்டடத்துக்குள் நடப்பதும் தங்கள் சொத்து என்று நினைக்கத் தொடங்கும்போதுதான் வில்லங்கம். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் வாரியத்துக்கும் பெற்றோர் சங்கத்துக்கும் சண்டை. கேன்டீன் வாடகை யார் கணக்கில் போவது என்பதில் ஆரம்பித்தது. மண்டபக் கதவில் வாரியம் ஒரு பூட்டுப் போட்டது. அடுத்த வாரம் சங்கம் அதன் மேலேயே இன்னொரு பூட்டைப் போட்டது. இரண்டு சாவியும் ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்கு வந்தால்தான் கதவு திறக்கும், அது நடக்கவே இல்லை. நான்கு மாதம். அறிவியல் கண்காட்சிக்குப் பிள்ளைகள் செய்துவைத்த அட்டைப் பெட்டிகள் உள்ளே கரையான் தின்றன. மழை வந்தால் உடற்கல்வி கிடையாது. தலைமையாசிரியர் காலையில் வாரியத்துக்குக் கடிதம், மதியம் சங்கத்துக்குக் கடிதம், இடையில் மாவட்ட இலாகாவுக்கு விளக்கம் என்று எழுதிக்கொண்டே இருந்தார். அந்த நான்கு மாதத்தில் அவர் ஒரு வகுப்புக்குள்ளும் கால் வைக்கவில்லை. குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

சண்டை இல்லாத பள்ளிகளில் வேறு நோய், வரவேற்பு. ஐயாயிரம் வெள்ளி நன்கொடை கொடுக்க ஒருவர் வருகிறார் என்றால், நாலடி நீளத்துக்கு மாதிரிக் காசோலை அச்சடிக்க வேண்டும், பதாகை கட்ட வேண்டும், மாலை, பொன்னாடை, பிள்ளைகளின் நடனம். நான் ஒரு முறை கணக்குப் பார்த்தேன். ஒரே ஒரு வரவேற்புக்காக ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் மூன்று வாரம், தினம் இரண்டு பாடவேளை, கோலாட்டப் பயிற்சிக்குப் போனார்கள். மேடையில் அவர்கள் ஆடியது ஆறு நிமிடம். அந்த மாதிரிக் காசோலைகளை என்ன செய்வது என்றும் யாருக்கும் தெரியாது. தூக்கிப் போட்டால் கொடுத்தவர் மனம் புண்படும். எங்கள் ஸ்டோர் ரூமில் பழைய கரும்பலகைக்குப் பின்னால் ஐந்தாறு சாய்த்து வைத்திருந்தோம். இன்னும் அங்கேதான் இருக்கும்.

புத்தாக்கப் போட்டிகளைப் பற்றிப் பேசினால் பலருக்குக் கோபம் வரும், தெரிந்தே பேசுகிறேன். வெளிநாடு போய்த் தங்கப் பதக்கம் வாங்கி வரும் பிள்ளைகளைப் பார்த்து எனக்கும் பெருமைதான். தோட்டத்து லயத்தில் வளர்ந்தவள் நான்; விமானத்தில் ஏறும்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. ஆனால் அந்தக் குழுவில் போகிறவர்கள் நாலைந்து பேர், அவர்கள் ஏற்கெனவே நன்றாகப் படிக்கிறவர்கள். அவர்களுக்காகச் சிறந்த ஆசிரியர்கள் இருவர் பல வாரம் வகுப்புக்கு வர முடியாமல் போகிறது. அந்த வகுப்புகளில் ரிலீஃப் என்ற பெயரில் யாரோ உட்கார்ந்திருப்பார்கள், பிள்ளைகள் வண்ணம் தீட்டிக்கொண்டிருப்பார்கள். வாசலில் பதாகை மட்டும் ஒரு வருடம் தொங்கும்.

இதெல்லாம் என் சொந்தப் புலம்பல் என்று நினைக்க வேண்டாம். கல்வி அமைச்சின் 2013 முதல் 2025 வரையிலான கல்வி மேம்பாட்டுத் திட்டத்தில் பதினொரு மாற்றங்கள் சொல்லப்பட்டன. அதில் ஐந்தாவது, ஒவ்வொரு பள்ளிக்கும் திறன்மிக்க தலைவர் வேண்டும் என்பது. பிள்ளைகளின் கற்றலைத் தீர்மானிக்கும் பள்ளிக் காரணிகளில் ஆசிரியருக்கு அடுத்த இடம் பள்ளித் தலைவருக்கு என்று அந்தத் திட்டமே சொன்னது. பள்ளித் தலைவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற அமினுடின் பாக்கி கழகத்தின் வடக்குக் கிளையில், ஜித்ராவில், ஒரு பயிற்சிக்குப் போயிருந்தேன். நியூசிலாந்துக் கல்வியாளர் விவியன் ராபின்சனும் அவர் குழுவும் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2008-ல் வெளியிட்ட முடிவை அங்கேதான் கேட்டேன். ஒரு தலைவர் செய்கிற காரியங்களிலேயே பிள்ளைகளின் அடைவில் அதிகத் தாக்கம் தருவது, ஆசிரியர்களோடு தானும் உட்கார்ந்து கற்பது, அவர்கள் கற்பித்தலை மேம்படுத்துவதில் நேரடியாகப் பங்கெடுப்பது. பக்கத்தில் இருந்த தோழி என் முழங்கையை இடித்து, "உங்கள் ஸ்டூல்காரர்" என்றார்.

இன்னொன்றையும் யோசியுங்கள். யூ.பி.எஸ்.ஆர். 2021-ல் ஒழிக்கப்பட்டது. நான் அதற்காகக் கண்ணீர் விடவில்லை, அது பிள்ளைகளைப் பிழிந்த பிழியல் போதும். ஆனால் ஓட்டையாக இருந்தாலும் அது வெளியிலிருந்து வைக்கப்பட்ட அளவுகோல். இப்போது வகுப்பறை மதிப்பீடு. ஒன்றிலிருந்து ஆறு வரை அடைவுநிலை, அதைப் போடுவது வகுப்பு ஆசிரியர். நேர்மையாகப் போட்டால் அருமையான முறை. ஆனால் "நம் பள்ளியில் இத்தனை பேர் இரண்டாம் நிலையிலா? அசிங்கமாக இருக்கிறதே, கொஞ்சம் பார்த்துப் போடுங்கள்" என்று மேலிருந்து ஒரு வார்த்தை வந்தால் போதும், இரண்டு மூன்றாகிவிடும். பெற்றோருக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. இடைநிலைப் பள்ளியில் முதல் படிவத்துக்குப் போன பிறகு அந்தப் பிள்ளைக்குத்தான் தெரியும். அப்படியென்றால் இன்று ஒரு தமிழ்ப்பள்ளியில் உண்மையைச் சொல்லும் பொறுப்பு அநேகமாகத் தலைமையாசிரியர் ஒருவரின் மனச்சாட்சியில் நிற்கிறது. உண்மையைச் சொன்னால் அவரைத் தாங்கிப் பிடிப்பீர்களா, மேசையைத் தட்டுவீர்களா?

அமைச்சின் மேலும் தவறு உண்டு. மாணவர் தரவு, ஆசிரியர் தரவு, மானியக் கணக்கு, சுய மதிப்பீட்டுக்கான ஆதார ஃபைல்கள் என்று தலைமையாசிரியரைக் கணினிக்கு முன்னால் கட்டிப்போடுகிறார்கள். ஓய்வுக்கு ஒரு வருடம் இருக்கும்போது ஒருவரைத் தலைவராக அனுப்புவது யாருக்கும் நல்லதில்லை. நூற்றைம்பது பிள்ளைகளுக்குக் குறைவான சிறிய பள்ளிகளில் அவரே பாடமும் எடுத்து, குழாய் ரிப்பேருக்கும் ஆள் தேடுகிறார். இதையெல்லாம் மாவட்ட இலாகாவிடம் கேட்க வேண்டியவர்கள் நீங்கள். நியமிப்பது அமைச்சுதான், உங்கள் கையில் இல்லை. ஆனால் எங்கள் பள்ளிக்கு வருகிறவர் மூன்று வருடமாவது இருக்க வேண்டும், வருவதற்கு முன் பழையவரோடு சில வாரம் சேர்ந்து வேலை பார்க்க வேண்டும் என்று எழுதிக் கேட்க உங்களுக்கு வாய் இருக்கிறது. "இவர் நம்மாள், இவரைப் போடுங்கள்" என்று சிபாரிசுக்கு அலைகிற நேரத்தில் பாதி போதும் இதற்கு.

நான் கேட்பது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. பள்ளி நடக்கும் நாளில் காலை ஓய்வுநேரம் வரை தலைமையாசிரியரைக் கூப்பிடாதீர்கள். வாட்ஸாப்பில்கூட. நன்கொடையாளர் வந்தால் சனிக்கிழமை வரட்டும், வராவிட்டால் வங்கியில் போடட்டும். உங்கள் மாதக் கூட்டத்தில் முதல் விஷயமாக, கூரை ஒழுகலுக்கும் பெயிண்டுக்கும் முன்னால், இரண்டாம் ஆண்டிலும் மூன்றாம் ஆண்டிலும் எத்தனை பேருக்கு வாசிக்க வரவில்லை என்று கேளுங்கள். பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். அது பெரிய எண்ணாக இருந்தால் முகம் சுளிக்காமல், என்ன உதவி வேண்டும் என்று கேளுங்கள். அடுத்த மாதம் அதையே திரும்பக் கேளுங்கள். இரண்டாவது முறை கேட்கும்போதுதான் நீங்கள் மெய்யாகவே கேட்கிறீர்கள் என்று நம்புவார்கள். அப்புறம் அந்தக் கேன்டீன் வாடகை. கணக்கை அச்சடித்து அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள், பாதிச் சண்டை அன்றே தீரும்.

பெற்றோர் சங்கத்தாருக்கு ஒன்று. ஆண்டுக் கூட்டத்துக்கு ஆள் வருவதில்லை என்று வருத்தப்படுகிறீர்கள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட் முடித்து, பாலத்தைக் கடந்து, கம்பெனிச் சட்டையோடு நேராகக் கூட்டத்துக்கு வந்த ஒரு தாயை எனக்குத் தெரியும். இரண்டு மணி நேரம் வரவேற்புரை, சிறப்புரை, நன்றியுரை. கேள்வி நேரம் வந்தபோது அந்தம்மா கை தூக்கி, "என் மகனுக்கு வாசிக்க வருதா, இல்லையா?" என்று கேட்டார். "அதைத் தனியாக வகுப்பு ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்" என்று மேடையில் இருந்து பதில் வந்தது. அந்த மேடையில் நானும் உட்கார்ந்திருந்தேன். அதற்கடுத்த வருடம் அவர் வரவில்லை.

இதைப் படித்துவிட்டு, தலைமையாசிரியர் ஒருவரால் எல்லாம் மாறிவிடுமா என்று கேட்பீர்கள். மாறாது. வறுமை இருக்கிறது, வீட்டில் பிள்ளையோடு உட்கார ஆளில்லாமல் இருக்கிறது, பிள்ளையைப் பார்த்துக்கொள்வது ஃபோன்தான். ஆனால் நான் பார்த்த பள்ளியில் அதே கம்பத்துப் பிள்ளைகள், அதே ஆசிரியர்கள், அதே கூரை. ஸ்டூல் வாசலில் இருந்த வருடங்களும் இல்லாத வருடங்களும் எப்படி இருந்தன என்பதை என் கண்ணால் பார்த்தேன்.

கடைசியாக ஒரு சொந்த விண்ணப்பம். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் இந்த மாநிலத்தில் நிறையப் பேர் இருக்கிறோம், கோயில் குளம் என்று சுற்றிக்கொண்டு. எனக்குப் புதன்கிழமைக் காலை சும்மாதான் இருக்கிறது. என் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில் தலைமையாசிரியர் சம்மதித்து, இலாகா அனுமதியும் வாங்கிக் கொடுத்தால், மூன்று பிள்ளைகளோடு இருபது நிமிடம் உட்கார நான் தயார். மாலை, பொன்னாடை எதுவும் வேண்டாம். ஸ்டூலை நானே கொண்டு வந்துவிடுவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற துணைத் தலைமையாசிரியை ஒருவர்
செபராங் பிறை, பினாங்கு